டம்டமில் குண்டு மட்டுமா? ஒரு பித்தளைக் கூட்டின் சரித்திரம்

டம்டம் என்றதும் கொல்கத்தாவில் வந்து குடியேறிய நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது விமான நிலையம். அடுத்தது மெட்ரோ. லேக் மார்க்கெட் பக்கம் இருப்பவர்கள் காளிகாட்டில் ஏறினால் நேரே டம்டமில் இறங்கலாம். சரித்திரம் படித்தவர்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் தோன்றும். அதுதான் டம்டம் குண்டு. 1890களில் அங்கிருந்த ராணுவத் தளவாடச் சாலையின் பொறுப்பில் இருந்த கேப்டன் நெவில் பெர்ட்டி கிளே என்ற ஆங்கிலேய அதிகாரி, குண்டின் முனையில் ஈயத்தை மூடாமல் விட்டு ஒரு தோட்டா செய்தார். உடம்பில் பட்டதும் முனை மலர்ந்து கோரமான காயத்தை உண்டாக்கும். 1899இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு, இவ்வகைக் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று பிரகடனம் செய்தது. ஓர் ஊரின் பெயர் உலக அகராதிகளில் ஏறியது இப்படித்தான்.

அந்தக் குண்டைப் பற்றி எழுதாதவர் இல்லை. குண்டு பறந்து போனபின் துப்பாக்கிக்குள்ளே தங்கிவிடுகிறதே பித்தளைக் கூடு, அதைப் பற்றித்தான் பேச ஆளில்லை. இந்திப் பத்திரிகைகளில் 'கோக்கா' என்று வரும். சுட்டுத் தீர்ந்த வெற்றுத் தோட்டா என்று அர்த்தம். இந்தக் கட்டுரை அந்தக் கோக்காவைப் பற்றியது. சுட்ட கூட்டைத் தூக்கி எறியாமல், அச்சில் வைத்து அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது மருந்தும் புதுக் குண்டும் வைத்து மறுபடி சுடுகிற ஒரு கைவேலை உலகில் உண்டு. அமெரிக்காவில் பல லட்சம் பேருக்கு அது பொழுதுபோக்கு. "அதுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்கலாம். அந்தக் கைவேலைக்காரன் இன்றும் பயந்து பயந்து கையாளும் ஒரு கோளாறு, நம் நாட்டு மழைக்காலத்தில், குதிரை லாயங்களில் வெளிப்பட்டது என்பதுதான் சம்பந்தம். அங்கே போகுமுன் கொஞ்சம் பின்னாலிருந்து வருவோம்.

காகிதம் போய் பித்தளை வந்தது

1857 ஜனவரியில் நடந்ததும் இதே டம்டமில்தான். புதிய என்ஃபீல்ட் துப்பாக்கியில் சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையம் அங்கே இருந்தது. தளவாடச் சாலையில் வேலை பார்த்த கலாசி ஒருவர் பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் அவருடைய சொம்பில் தண்ணீர் கேட்டார், சிப்பாய் மறுத்தார், "கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கப் போகிறாய், அப்புறம் உன் ஜாதி எங்கே இருக்கும்?" என்ற பொருளில் கலாசி திருப்பிக் கொடுத்தார். இந்தச் செய்தி அதிகாரிகளின் கடிதங்களில் பதிவாகி மேலிடம் வரை போனது. பிறகு நடந்தது பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்ததே.

அன்றைய தோட்டா என்பது ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே மருந்தும் குண்டும். பல்லால் கிழித்து, மருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, குண்டை உள்ளே தள்ளி, கம்பியால் குத்த வேண்டும். காகிதம் மழையில் நனையும், பையில் கசங்கும். துப்பாக்கியின் பின்பக்கம் திறந்து தோட்டாவை வைக்கும் முறையோ காகிதத்தோடு சரியாக ஒத்துப்போகவில்லை. வெடிப்பின் வாயு பின்பக்க இடுக்குகளில் பீறிட்டுச் சுடுபவனின் முகத்தை நோக்கி வந்தது.

கலகம் அடங்கிப் பத்து ஆண்டுகூட ஆகவில்லை. 1866இல் அதே என்ஃபீல்ட் துப்பாக்கியின் பின்பகுதியை வெட்டி, திறந்து மூடும் அமைப்பைப் பொருத்தி ஸ்னைடர் துப்பாக்கியாக மாற்றினார்கள். அதற்குரிய உலோகத் தோட்டாவைச் செய்தவர் உல்விச் ராயல் லேபரட்டரியின் தலைவர் கர்னல் எட்வர்ட் மௌனியர் பாக்ஸர். மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிக் குழாயாக்கி, அடியில் ஓர் இரும்பு வட்டு. கடிக்க வேண்டாம், கொழுப்பைப் பற்றிய பேச்சும் வேண்டாம். இதை ஒன்பது வருஷம் முன்னாலேயே செய்திருந்தால் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கலகத்துக்குத் தோட்டா வெறும் பொறிதான். காரணங்கள் வேறு பல.

பித்தளை ஏன்?

நம் வீட்டு குக்கரின் கேஸ்கட்டை நினைத்துப் பாருங்கள். உள்ளே நீராவி அழுத்தம் ஏற ஏற, ரப்பர் வளையம் விரிந்து மூடியோடு ஒட்டி ஆவி வெளியேறாமல் தடுக்கிறது. அழுத்தம் இறங்கினால் தளர்கிறது, மூடியைக் கழற்ற முடிகிறது. தோட்டாக் கூட்டின் வேலையும் இதுவே. கேப் வெடித்து மருந்து எரியும்போது உள்ளே சதுர அங்குலத்துக்குப் பல டன் அழுத்தம். கூடு பலூன் மாதிரி உப்பித் துப்பாக்கி அறையின் சுவரோடு அப்பிக்கொள்ள வேண்டும். குண்டு வெளியேறிய அடுத்த நொடியே கொஞ்சம் சுருங்கிச் சுவரை விட்டு விலக வேண்டும். விலகாவிட்டால் கூடு சிக்கிக்கொள்ளும். எதிரி எதிரே வரும்போது துப்பாக்கி வெறும் தடியாகிவிடும்.

இது ஏட்டுக் கணக்கில்லை. 1876 ஜூன் 25 அன்று அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டரின் குதிரைப்படைப் பிரிவு சூ, ஷயான் பழங்குடி வீரர்களிடம் முற்றாக அழிந்தது. அந்தக் குதிரைப்படையின் தோட்டாக் கூடு செம்பு. செம்பு மெத்தென்றது, உப்பும், ஆனால் திரும்பிச் சுருங்காது. சிக்கிய கூட்டைக் கத்தியால் நெம்பிக்கொண்டே செத்தார்கள் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 1983இல் அங்கே புல்வெளி தீப்பிடித்து எரிந்தபிறகு நடந்த அகழாய்வில் நெம்பிய தடம் உள்ள கூடுகள் கொஞ்சமே கிடைத்தன. ஆகவே தோல்விக்கு முழுப் பழியையும் செம்பின் தலையில் போடுவது நியாயமாகாது என்பதே என் எண்ணம். ஆனாலும் அமெரிக்க ராணுவம் பிற்பாடு செம்பை விட்டுப் பித்தளைக்கு வந்தது.

பிரிட்டிஷ்காரர்களுக்குப் பாடம் 1885 ஜனவரி 17 அன்று சூடானில் அபு க்ளியா என்ற இடத்தில் கிடைத்தது. மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகள் நடுச் சண்டையில் சிக்கின. பாக்ஸரின் சுருட்டிய மெல்லிய தகடு, பாலைவன மணலும் குழலின் சூடும் சேர்ந்ததில் கிழிந்தும் ஒட்டியும் போனது. அதன்பின் தகட்டைச் சுருட்டும் முறை போய், கெட்டிப் பித்தளை வில்லையை அச்சில் அழுத்தி, கிண்ணமாக்கி, பல தடவை இழுத்து நீட்டி, ஒட்டே இல்லாத கூடாகச் செய்யும் முறை வந்தது. நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இன்றும் இதே கலவைதான்.

நம் ஊர்க் கன்னாரைக் கேட்டால் இந்தக் கலவையின் குணத்தைச் சொல்லிவிடுவார். பித்தளைத் தகட்டைக் குளிரக் குளிரத் தட்டினால் இறுகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் தட்டினால் விளிம்பு வெடிக்கும். அதற்குமுன் உலையில் காட்டிப் பதப்படுத்த வேண்டும். மறுபடி இளகிவிடும், மறுபடி தட்டலாம். குடமானாலும் தோட்டாவானாலும் உலோகத்துக்குச் சட்டம் ஒன்றே. கூட்டைச் செய்யும்போது அடிப்பாகத்தை இறுக்கமாகவும் கழுத்தை மெத்தென்றும் விடுவதில்தான் தொழிற்சாலையின் திறமை இருக்கிறது.

மறுபடி நிரப்பியவர்கள்

கூடு சுருங்கும் என்றேனே தவிர, பழைய அளவுக்கே திரும்பும் என்று சொல்லவில்லை. அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு உப்பலாகவே நின்றுவிடும். கழுத்தும் அகன்று, புதுக் குண்டை வைத்தால் பிடிக்காமல் உள்ளே விழும். அதனால் மறுபடி நிரப்ப நினைப்பவன் முதலில் கூட்டைச் சுருக்கியாக வேண்டும். அதற்குத்தான் அளவு அச்சு. கடினமான எஃகில் கூட்டின் வடிவிலேயே குடைந்தது. கூட்டுக்கு எண்ணெய்ப் பசை தடவி, நெம்புகோலால் அச்சுக்குள் தள்ளி வெளியே இழுப்பார்கள். பசை குறைந்தால் கூடு அச்சிலேயே இறுகிப்போய் வராது. அதிகமானால் பித்தளையில் பள்ளம் விழும்.

1870களில் அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமை வேட்டைக்காரர்களுக்கு இது வேலைக்குத் தேவையான ஒன்று. கடை இருக்கும் ஊர் பல நாள் பயணத்தில். பகலில் சுட்ட கூடுகளை இரவு நெருப்பருகே உட்கார்ந்து நிரப்பினார்கள். அமெரிக்க ராணுவமே தன் முகாம்களுக்கு நிரப்பும் கருவிகளை அனுப்பியது. 1884இல் ஜான் பார்லோ என்பவர் கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் 'ஐடியல்' கம்பெனியைத் தொடங்கி, இடுக்கி மாதிரிக் கையடக்கக் கருவி செய்து விற்றார். இந்தியாவிலும் அக்கால வெள்ளைக்கார ஷிகாரிகள் சீமையிலிருந்து வந்த கூடுகளை முகாமிலேயே நிரப்பிக்கொண்டதுண்டு.

அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்களின் குறி சுடும் மன்றங்களில் வேறொரு வழக்கம் இருந்தது. ஒரே ஒரு கூடு. சுட்டதும் எடுத்து, கேப் மாற்றி, மருந்து போட்டு, அதே கூட்டில் நாள் முழுதும் சுடுவார்கள். அழுத்தம் குறைந்த மருந்து என்பதால் கூட்டைச் சுருக்கவே மாட்டார்கள். துப்பாக்கி அறையின் அச்சாகவே கூடு ஆகிவிட்டது, அதை ஏன் கெடுப்பானேன் என்பது அவர்கள் வாதம். பிற்காலக் கைவேலைக்காரர்கள் பலமுறை சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்த உண்மையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது: கூடு அறைக்குள் போக எவ்வளவு சுருக்க வேண்டுமோ அவ்வளவுக்குமேல் சுருக்காதே.

1886இல் பிரெஞ்சு ராணுவம் புகையில்லா மருந்தைக் கொண்டுவந்ததும் அழுத்தம் எகிறியது, சுருக்கும் வேலையும் கடினமானது. இடுக்கி போதாமல் மேஜையில் முடுக்கிய அழுத்தப் பொறிகள் வந்தன. 1943இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில்லில் ஃப்ரெட் ஹண்டிங்டன் தொடங்கிய ஆர்சிபிஎஸ் கம்பெனியின் அச்சுகள் இன்றும் பிரபலம்.

இதில் ஒரு வேடிக்கை. கேப்பில் இரண்டு ஜாதி. இங்கிலாந்து பாக்ஸரின் கேப்புக்குள்ளேயே அது மோதி வெடிக்கும் சிறு பட்டடை இருக்கும். கூட்டின் அடியில் நடுவாக ஒரே துளை. அமெரிக்கரான ஹைரம் பெர்டான் முறையில் பட்டடை கூட்டின் பாகம், துளைகள் பக்கத்தில். அமெரிக்கா பாக்ஸர் முறையை எடுத்துக்கொண்டது, பிரிட்டனும் ஐரோப்பாவும் ராணுவத் தோட்டாக்களுக்குப் பெரும்பாலும் பெர்டான் முறைக்குப் போயின! நடுத்துளை இருந்தால் அளவு அச்சிலேயே ஓர் ஊசி வைத்து, கூட்டைச் சுருக்கும் அதே தள்ளலில் பழைய கேப்பையும் வெளியே தள்ளிவிடலாம். கைவேலை அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பரவியதில் இந்த ஒற்றைத் துளைக்குப் பெரும்பங்கு உண்டு. நம் பிள்ளைகள் என்சிசியில் சுடுகிற பாயிண்ட் டூ டூ தோட்டாவில் கேப்பே கிடையாது, விளிம்புக்குள் வெடிப்பசை. அதை மறுபடி நிரப்புவது நடைமுறையில் ஆகாத காரியம்.

த்ரீ நாட் த்ரீயின் தாராளம்

நம் போலீஸ்காரர் தோளில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த த்ரீ நாட் த்ரீக்கு வருவோம். 1888இல் வந்த தோட்டா அது. அதற்கான லீ என்ஃபீல்ட் துப்பாக்கி, சியால்தா பாதையில் இருக்கும் இச்சாப்பூர் தொழிற்சாலையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து உருவானது. அந்தத் தோட்டாவின் கார்டைட் மருந்துக்கோ நம் நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலை. ஊட்டி மலை ரயிலில் போகிறவர்கள் அந்த ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள்.

இந்தத் துப்பாக்கியின் அறையை வேண்டுமென்றே தாராளமாகக் குடைந்திருந்தார்கள். சேறு பிடித்த தோட்டாவானாலும் உள்ளே போக வேண்டும், சிக்காமல் வெளியே வர வேண்டும். தோட்டாவின் அடிவிளிம்பு அதைத் தடுத்து நிறுத்தும் என்பதால், முன்னால் தோள்பகுதியில் எவ்வளவு இடைவெளி இருந்தாலும் சிப்பாய்க்குக் கவலையில்லை. சுட்டான், எறிந்தான், தீர்ந்தது. போர்க்களத்துக்கு இது சரியான புத்தி.

அதே கூட்டை ஒரு கைவேலைக்காரன் எடுத்து முழு நீளத்துக்கும் அச்சில் சுருக்கினால்? தோள் பின்னுக்குப் போகும். சுட்டதும் தோள் மறுபடி முன்னே பாயும். அடிப்பாகம் கெட்டி, அது நகராது. நடுவே அடிக்குச் சற்று மேலே உள்ள பித்தளைதான் இழுபட்டு மெலிய வேண்டும். நாலைந்து தடவையில் அந்த இடத்தில் ஒரு பளபளப்பான வளையம் தெரியும். அலட்சியம் செய்தால் அடுத்த வெடியில் கூடு இரண்டாகப் பிரியும். வாயு பின்பக்கம் பீறும். அனுபவசாலிகள் மெல்லிய கம்பியின் நுனியை வளைத்துக் கூட்டுக்குள் விட்டுத் தடவிப் பார்ப்பார்கள். நுனி ஒரு பள்ளத்தில் இடறினால் அந்தக் கூடு குப்பைக்கு. அதனால்தான் அந்தத் தோட்டாவுக்குக் கழுத்தை மட்டும் சுருக்கினால் போதும், தோளைத் தொடாதே என்பார்கள். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆகவே இதெல்லாம் நமக்குத் தெரிந்துகொள்ள மட்டுமே.

உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தன்று த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்தது.

லாயத்தில் வெடித்த கழுத்துகள்

வளையத்தில் பிரிவது ஒரு வகைச் சாவு. கழுத்தில் வெடிப்பது இன்னொன்று. இங்கேதான் இந்தியா வருகிறது.

உலோகவியல் பாடநூல்களில் இன்றும் சொல்லப்படும் வரலாறு இது. பிரிட்டிஷ் இந்தியப் படைகள் மழைக்காலத்தில் படையெடுப்புகளைக் குறைத்துக்கொள்ளும். தோட்டாப் பெட்டிகளை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை ஓய்ந்து பெட்டியைத் திறந்தால் சுடாத புதுத் தோட்டாக்களின் கழுத்தில் நீளவாக்கில் வெடிப்பு! குண்டைப் பிடிப்பதற்காகக் கூட்டை நெருக்கியிருந்த அதே இடத்தில். யாரும் தொடவில்லை, தட்டவில்லை, சும்மா இருந்தபடியே வெடித்திருக்கிறது. முற்றிய மரம் காய்ந்து வெடிப்பது போலிருந்ததால் இதற்கு 'சீசன் க்ராக்கிங்' என்று பெயர். நம் ஊரில் பருவமழையோடு சேர்ந்து வந்ததால் அந்தப் பெயர் இன்னும் பொருத்தமாகிவிட்டது. வெடித்த கழுத்து வாயுவைத் தடுக்காது, குண்டையும் ஒழுங்காகப் பிடிக்காது. எல்லைச் சண்டைக்குப் போகும் சிப்பாய்க்குப் பெட்டி பெட்டியாக இதைக் கொடுத்தால் அவன் கதி என்ன?

காரணம் தெரியப் பல்லாண்டுகள் ஆயின. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் விளக்கத்தை வெளியிட்டார்கள். குற்றவாளிகள் இருவர். ஒன்று, குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்தது. மற்றொன்று கூட்டுக்குள்ளேயே இருந்தது. குளிர்ந்த நிலையில் இழுத்தும் நெருக்கியும் செய்த பித்தளையில் ஓர் உள்விசை அடைபட்டுக் கிடக்கிறது, சுருட்டிக் கட்டிய வில் மாதிரி. வெளியே பார்த்தால் தெரியாது. அம்மோனியா அந்த இடத்தில் அரித்ததும் உள்விசை வெடிப்பாக வெளியே வருகிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வெடிப்பு இல்லை.

குதிரையை மாற்ற முடியாது; பித்தளையைத்தான் மாற்ற வேண்டும். மிதமான சூட்டில், ஏறக்குறைய 250, 300 டிகிரி சென்டிகிரேடில் கொஞ்ச நேரம் வைத்தால் இறுக்கம் குறையாமலேயே உள்விசை தணிந்துவிடுகிறது. கழுத்துக்கு மட்டும் இன்னும் கூடுதல் சூடு காட்டி இளக்குகிறார்கள்.

கைவேலைக்காரனுக்கும் இதே மருந்துதான். சுடும்போது விரிந்து, அச்சில் சுருங்கி, அடுத்த முறை மறுபடி விரிந்து, ஒவ்வொரு சுற்றிலும் கழுத்து இறுகுகிறது. கன்னாரின் தகடு மாதிரி ஒருநாள் வெடிக்கும். பித்தளையை மினுக்க அம்மோனியா கலந்த பாலிஷ் போடாதே என்று கைநூல்கள் எச்சரிப்பதும் அந்த லாயத்து ஞாபகம்தான். சில சுற்றுக்கு ஒருமுறை கழுத்தைப் பதப்படுத்துவார்கள். பழைய முறை எளிது: ஒரு தட்டில் பாதிக் கூடு முழுகத் தண்ணீர் ஊற்றி, கூடுகளை நிறுத்தி, கழுத்தில் மட்டும் தீச்சுடரைக் காட்டி, நிறம் மாறியதும் தட்டி நீரில் சாய்த்துவிடுவது. சூடான எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் இறுகும், பித்தளை இறுகாது. தண்ணீர் அங்கே இருப்பது சூடு அடிப்பாகத்துக்கு இறங்காமல் காக்க. அடி இளகிவிட்டால் அடுத்த வெடியைத் தாங்காது.

புதிய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றில் கழுத்தையும் தோளையும் சுற்றி நீலமும் பழுப்புமாய் ஒரு கறை இருக்கும். பழைய சரக்கு என்று நினைக்க வேண்டாம். சூடு காட்டிய தடம் அது. விற்பனைக்கு வரும் சாதாரணத் தோட்டாவில் அதைத் தேய்த்து மினுக்கிவிடுவார்கள். ராணுவச் சரக்கில், பதப்படுத்தியாயிற்று என்பது பார்த்த உடனே தெரியட்டும் என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள்.